சாலைப் பணிப் பலகை கண்டதும் முதலில் இடைவெளி

'சாலைப் பணி நடைபெறுகிறது' பலகை கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, முன்னால் போகும் வண்டியோடு உள்ள இடைவெளியைக் கூட்டிவிடுங்கள். கூம்புகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாலைப் பணி நடக்கும் இடங்களில் ஏற்படும் விபத்துகளில் அதிகம் நடப்பது பின்னால் போய் மோதுவதுதான். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். முன்னால் வரிசை நின்றிருப்பது தெரிந்து பிரேக்கை மிதிப்பதற்குள் அந்தத் தூரம் போயிருக்கும். வேகத்தை 50-க்குக் குறைத்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். நேரம் வீணாகுமே என்றால், 2 கி.மீ. பணியிடத்தைக் கடக்க 50-இல் கூடுதலாக ஆவது ஒரு நிமிடம்கூட இல்லை. ஒரு சிக்னலில் இதைவிட அதிகம் நிற்கிறோம்!

பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டும் சட்டென்று பிரேக் போடாதீர்கள். கண்ணாடியைப் பார்த்து, மெல்ல மெல்லக் குறையுங்கள். வண்டிகள் ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தால் பெரிய இடைவெளிக்கு வேலையில்லை. அங்கே பணிக்காக உங்கள் தடம் அடைபட்டிருந்தால், அது முடியும் இடம்வரை போய், பக்கத்துத் தடத்து வண்டிகளோடு ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்ந்துகொள்வதே நல்லது.