வீட்டில் சூப்பர் கார் கட்டுகிறீர்களா? என் தவறுகளையாவது செய்யாமல் விடுங்கள்

போன வாரம் குன்னூரை அடுத்த அருவங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணா, ஃபைபர் வேலை ஆரம்பிச்சுட்டேன். ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஒரு பக்கச் சுவருக்குப் பதில் தார்ப்பாய். மூடுபனி தன் வீடு மாதிரி உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. கார் பாடிக்கான அச்சு, அதாவது மோல்டின் மேல் காலையில் மேட் என்கிற கண்ணாடியிழைத் துணியை விரித்து, ரெசின் என்கிற பிசினை அடித்திருக்கிறான். ஆறு மணி நேரம் ஆகியும் விரலை வைத்தால் வெல்லப்பாகு மாதிரி நூலிழுத்தது. "இன்னும் கொஞ்சம் ஹார்டனர் கலந்து மேலே பூசட்டுமாண்ணா?" என்றான். ரெசினை இறுக வைப்பது ஹார்டனர்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோத்தகிரியில் இதே கேள்வியை நான் கேட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை, பூசினேன்.

நான் கட்டியது ஃபோர்டு ஜிடி40 சாயலில் ஒரு கார். அசல் வண்டி 1966 முதல் 1969 வரை பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வரிசையாக நான்கு முறை ஜெயித்தது. தரையிலிருந்து கூரைக்கு 40 அங்குலம்தான், பேரில் உள்ள 40 அதுதான். என் வண்டியில் வி8 எல்லாம் கிடையாது. சீட்டுக்குப் பின்னால் பழைய ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கின்றன. கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி போடுங்கள், நட்டை சரியாக முறுக்குங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் கார் கட்டக் கூடாது. கீழே இருப்பது நானும் நண்பர்களும் செய்த தவறுகள்.

ரோட்டில் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது

கிட் கார் என்கிற பழக்கம் பிரிட்டனில் வேரூன்றியதற்கு ஒரு காரணம் வரி. 1957ல் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் காரைக் கொண்டுவந்தபோது, முழுதாகக் கட்டிய காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. அங்கே இன்றைக்கும் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைச் சோதித்துப் பார்த்துப் பதிவு எண் கொடுக்க ஒரு வழி இருக்கிறது.

நம் ஊர்க் கதை வேறு. மத்திய மோட்டார் வாகன விதி 126ன்படி மாதிரி வண்டியை புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான நிறுவனத்தில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். கம்பெனிகளுக்கான ஏற்பாடு அது. "பழைய சிட்டியின் ஆர்.சி. இருக்கே, மேலே பாடி மட்டும்தானே மாத்தியிருக்கேன்" என்று சிலர் கிளம்புகிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஆக, சொந்த எஸ்டேட் பாதை, இல்லையென்றால் டிராக். நமக்குப் பக்கத்தில் இருப்பது கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டிய கரிவர்தன் பெயரில் இருக்கும் டிராக் அது. அவர் 1995ல் போய்ச் சேர்ந்தார். நம் மாதிரி ஆட்களுக்கெல்லாம் குலதெய்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் கட்டி, வெயிலில் ஓட்டப் போகிறோம். இதை மறந்ததால்தான் அடுத்தது நடந்தது.

குளிரில் ரெசின் கலப்பது

இதை எழுதும்போதே இன்னும் எரிச்சலாக வருகிறது.

பாலியெஸ்டர் ரெசின் பெயிண்ட் மாதிரி காற்றில் காய்வதில்லை. உள்ளே ஒரு வேதிவினை நடந்து கெட்டியாகிறது. 20லிருந்து 25 டிகிரி இருந்தால் அழகாக நடக்கும். 15க்குக் கீழே போனால் பாதி வழியில் படுத்துவிடும். தேயிலைக் கொழுந்து வாடப்போட்டுக்கொண்டிருந்த பழைய ஷெட்தான் எனக்குப் பட்டறை. ஜூலை மாதம், சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 14 காட்டியது. ஆனால் ரெசின் டின் இரவெல்லாம் சிமெண்ட் தரையில் கிடந்தது, மோல்டும் அப்படித்தான். அவை இரண்டும் 14ஐ விடக் குளிர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேட் கெட்டியாகவில்லை. உடனே ஹார்டனரைக் கூட்டினேன். ஒரு கிலோ ரெசினுக்கு 10லிருந்து 20 கிராம் என்பதுதான் கணக்கு. நான் 40 ஊற்றினேன். அதிகமாக ஊற்றினால் அதிகமாக இறுகாது. வினையில் சேராத மிச்சம் உள்ளேயே தங்கிப் பொருளைத் தளர்த்திவிடும். பிறகு வினையை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கூட்டினேன். நிறம் கறுத்தது, சீக்கிரம் கூழானது, அவ்வளவுதான். கூழாவதும் இறுகுவதும் வேறு வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்குங்கள், அதற்குப் பிறகுதான் ஹார்டனர். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைப்பதுகூட வேண்டாம்.

அப்புறம் கரிச்சட்டி. நம் ஊரில் குளிருக்கு எல்லோரும் செய்வதுதானே என்று ஷெட்டுக்குள் வைத்தேன். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படியும், தீப்பற்றும். கரி இருப்பதும் தரையில்தான். போதாதென்று மூடிய அறையில் கரிப்புகை ஆளையே தூக்கிவிடும். நான் இன்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது கொட்டகைக் கூரையில் இருந்த ஓட்டைகளின் புண்ணியம்.

இரண்டு நாளில் பானெட்டைக் கழற்றினேன். ஜிடி40ல் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும், அதைத்தான் பானெட் என்கிறேன். தட்டினால் கணீரென்று கேட்டது. பட்டி பார்த்து, தேய்த்து, கரும்பச்சை பெயிண்ட் அடித்தோம். ஒன்பது மாதம் ஷெட்டில் கண்ணாடி மாதிரி நின்றது. பார்க்க வந்தவர்களெல்லாம் அதில் முகம் பார்த்துத் தலை வாரினார்கள்.

ஏப்ரலில் செட்டிபாளையத்துக்கு இறக்கினேன். உச்சி வெயிலில் அரை மணி நேரம் நின்றது. பானெட் தோசைக்கல் மாதிரி கொதித்தது. குனிந்து பார்த்தால் பெயிண்டுக்கு அடியிலிருந்து கட்டம் கட்டமாக ஏதோ எழும்பி வருகிறது. பாயில் படுத்து எழுந்த குழந்தையின் கன்னம் மாதிரி, கண்ணாடியிழைத் துணியின் பின்னல் அப்படியே மேலே தெரிந்தது. இடது மூலை ஒரு விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினால் உட்காரும், கையை எடுத்தால் மறுபடி எழும்.

முதலில் பெயின்டரோடு சண்டை போட்டேன். பாவம் அவர். குளிரில் பாதியில் நின்றுபோன வினை செட்டிபாளையம் வெயிலில் மிச்சத்தை முடித்துக்கொண்டிருக்கிறது. இறுகும்போது ரெசின் சுருங்கும். மோல்டில் இருந்திருந்தால் மோல்டு பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே பிடிக்க ஆளில்லை, இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டது. மூன்று மாத உழைப்பு, ரெசின், பெயிண்ட், கூலி எல்லாம் போச்சு. அந்தப் பானெட் இப்போது எங்கள் வீட்டு விறகுக் குவியலுக்குக் கூரை. அதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்றால், முதலில் மாதம் பார்ப்பேன். உதகை பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும், குன்னூர் கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் கொட்டும். ஃபைபர் வேலைக்கு பிப்ரவரியிலிருந்து ஏப்ரல். ஷெட்டின் ஒரு மூலையைத் தெர்மகோலும் பிளாஸ்டிக் ஷீட்டும் வைத்து அடைத்து, முந்தின நாளே ஆயில் ஹீட்டர் போட்டு மோல்டையும் ரெசின் டின்னையும் மேட்டையும் சேர்த்துச் சூடாக்குவேன். ரோலர் போடும்போது ஹீட்டரை அணைத்து, காற்றுக்குத் திறந்து வைப்பேன். ஆவி போனதும் மறுபடி சூடு. ஒரு வாரம் மோல்டிலேயே கிடக்கட்டும். கழற்றுவதற்கு முன்னால் மோல்டோடு சேர்த்து நல்ல வெயிலில் சில நாள் வையுங்கள். வெயில் இல்லையென்றால் கீழே மேட்டுப்பாளையத்தில் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியாவது தேடுங்கள். முறுக்குவதை மோல்டுக்குள் இருக்கும்போதே முறுக்கிவிட்டுப் போகட்டும்.

இறுகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? மோல்டைத் தொட்டிருந்த பக்கத்தில் அசிட்டோன் நனைத்த துணியால் தேயுங்கள். பிசுபிசுத்தால் இன்னும் வேகவில்லை. காற்று பட்ட பக்கம் லேசாக ஒட்டுவது சகஜம், ஆக்சிஜன் பட்ட மேல்தோல் முழுசாக இறுகாது. அதைப் பார்த்துப் பயந்து ஹார்டனர் பாட்டிலைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். மோல்டில் முதலில் பூசும் வெளித்தோலான ஜெல்கோட் அரைகுறையாக இருக்கும்போது மேலே மேட் போட்டால் பாலாடை மாதிரி சுருங்கிக்கொள்ளும். அப்படிச் சுருங்கியதை பட்டி வைத்து மறைக்க முடியாது, உரித்துவிட்டு முதலிலிருந்துதான்.

ஊட்டிக் காற்றில் டியூன் செய்துவிட்டுக் கீழே இறங்குவது

இதுவும் அதே குடும்பம். உதகை 2,240 மீட்டர் உயரம், கோயம்புத்தூர் சுமார் 400. மேலே காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி எஸ்டீம் இன்ஜினுக்கு நண்பர் ஒருவர் ஊட்டியில் பெட்ரோல் போகும் துளையான ஜெட்டைச் சின்னதாக்கி, பிளக் நிறம் பார்த்து, பிரமாதமாக ஓட வைத்தார். கீழே இறங்கியதும் காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் கடகடவென்று அடித்தது, நாலாவது சுற்றில் பிஸ்டனில் ஓட்டை. பெரிய ஜெட்டைப் பையில் எடுத்துப் போங்கள். கார்புரேட்டர் இல்லாத எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) இன்ஜின் காற்றழுத்தத்தைத் தானே அளந்துகொள்ளும், அது வைத்திருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

இன்ஜின் கையில் வரும் முன்னே சேஸிஸை முழுக்க வெல்டிங் அடிப்பது

25 மில்லி சதுரக் குழாய், 1.6 மில்லி கனம். வரைபடத்தைப் பார்த்தே கட்டி முடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். டாக் மட்டும், அதாவது அங்கங்கே ஒரு பொட்டு வெல்டிங் மட்டும் வையுங்கள். இன்ஜின், ஆக்சில், சைலன்சர், உங்கள் முழங்கால் எல்லாம் உள்ளே உட்கார்ந்து பார்த்த பிறகு முழு வெல்டிங். அதையும் ஒரே மூலையில் அடித்துக்கொண்டே போகாமல் இங்கே ஒன்று, எதிர் மூலையில் ஒன்று. ஒவ்வொரு முறையும் குறுக்கு மூலை அளவு இரண்டையும் டேப் வைத்துப் பாருங்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்ற என் வண்டியில் ஒரு குழாயை அறுக்க வேண்டியிருந்தது.

கியர்பாக்ஸை முகம் திருப்பி வைப்பது

ஒரு ஃபார்வர்டு, ஐந்து ரிவர்ஸ் கிடைக்கும். பழைய வண்டியில் முன்னால் எப்படிப் பார்த்திருந்ததோ அப்படியே திருப்பாமல் சீட்டுக்குப் பின்னால் நகர்த்துங்கள்.

திறந்த டின் பிரேக் ஆயில்

பனிக்காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155லேயே கொதிக்கலாம். ஒவ்வொரு முறையும் புது டின்.

ஷெட் கதவு

அளந்துவிட்டீர்களா?

லாரி பிடிப்பது

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி. வண்டியைச் சக்கரத்தில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள், பாடியில் கயிறு போடாதீர்கள். தார்ப்பாய் போர்த்தவே வேண்டாம். பர்லியாறு தாண்டுவதற்குள் அது காற்றில் அடித்து அடித்துப் பெயிண்டை உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்துவிடும். அடித்தட்டு தரையிலிருந்து நாலு அங்குலம்தான், அதனால் பலகை நீளமாக வேண்டும். எட்டு அடி போதும் என்பார் லாரிக்காரர். போதாது, பன்னிரண்டு எடுத்துப் போங்கள்.