ஒன்பதாவது கேள்வியை இப்படிக் கேட்காதீர்கள்: மனச்சோர்வுப் பராமரிப்பில் செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவிலியர்களுக்கான தொடர்கல்வி வகுப்புகளில் மனச்சோர்வு பற்றிப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே தவறுகள்தான் வருகின்றன. நாங்கள் புதிதாக வார்டில் இறங்கிய காலத்தில் எங்கள் செட்டே செய்தவைதான் அவை. மருந்து நேரம் தவறுவது, கேஸ் ஷீட்டில் கையெழுத்து விட்டுப்போவது போன்றவற்றை இன்சார்ஜ் சிஸ்டர் பிடித்துவிடுவார். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. யார் கண்ணிலும் படாமல் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்பதாவது கேள்வியைப் பதிலோடு சேர்த்துக் கேட்பது

மனச்சோர்வு எந்த அளவுக்கு இருக்கிறது என்று கணிக்கும் பிஎச்கியூ-9 படிவம் உங்களுக்குப் பழக்கமானதுதான். கடந்த 2 வாரங்கள் எப்படி இருந்தன என்று 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. தூக்கம், பசி, சோர்வு, கவனம் என்று எட்டாவது கேள்வி வரை நன்றாகவே போகும். ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ நினைப்பு வந்ததா என்பது. அங்கே வந்ததும் குரல் இறங்கிவிடும், பார்வை காகிதத்துக்குப் போய்விடும். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஃபார்ம்ல இருக்கு, அதான் கேக்கறேன். அந்த மாதிரி எண்ணமெல்லாம் உங்களுக்கு இல்லையே?" அந்த அம்மா தலையை ஆட்டுவார். 0 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 'இல்லை என்று சொல்லிவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது' என்றுதான் நோயாளியின் காதில் அது விழும். பல மாதங்களாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருப்பவர், எதிரில் இருப்பவருக்கும் கேட்க மனமில்லை என்று அந்த நொடியே புரிந்துகொள்வார். அதோடு போவதுமில்லை. 0 என்று எழுதியிருப்பதால் அடுத்த ஷிப்டில் வருகிறவர் மறுபடி கேட்க மாட்டார். டாக்டரும் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவார். கேட்காமலே விட்டிருந்தால் அந்தக் கட்டம் காலியாக இருந்து யாராவது ஒருவரையாவது உறுத்தியிருக்கும்.

ஒருமுறை பயிற்சிக்கு வந்திருந்த பெண் ஒருவர் இப்படித்தான் 0 போட்டுக் கொண்டுவந்தார். மற்ற எட்டுக் கேள்விகளிலும் சேர்த்து மொத்தம் 8. 10-க்குக் கீழே என்பதால் 'லேசானது' என்று குறித்தாயிற்று. ஆனால் அந்த நோயாளி மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை செய்யுமா, தூக்கம் வருமா என்று கேட்கவில்லை. ஒரே தடவையில் எத்தனை நாளுக்குத் தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இவ்வளவு கஷ்டத்துல இருக்கறவங்களுக்குச் சில நேரம் செத்துப்போயிடலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தோணாத நாளே இல்ல சிஸ்டர்" என்றார். மாத்திரை சேர்த்து வைத்திருப்பதையும் அவரே சொன்னார். டாக்டர் அன்றைக்கே பார்த்தார், வீட்டார் அந்த மாத்திரைகளை எடுத்து வந்து ஒப்படைத்தார்கள்.

'கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட மாட்டோமா?' என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்கிறார்கள். மாட்டோம். நேரடியாகக் கேட்பது தற்கொலை எண்ணத்தைக் கூட்டுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வாய்விட்டுச் சொன்னதே பலருக்குப் பாரம் இறங்கியதுபோல இருக்கும்.

ஒன்பதாவது கேள்விக்கு 1 வந்தாலே போதும், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அங்கேயே நில்லுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு டாக்டரைத் தேடி ஓடாதீர்கள். கூட ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் 'தற்கொலை எண்ணம் உண்டு' என்று மட்டும் முடிக்காமல் அவர் சொன்ன வார்த்தைகளையே எழுதுங்கள். ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரில் வாயாலும் சொல்லுங்கள், ஏனென்றால் அவசரத்தில் எழுத்தை யாரும் படிப்பதில்லை.

மாத்திரையைக் கொடுத்துவிட்டு நாள்கணக்கைச் சொல்லாமல் விடுவது

செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், ஃபுளுவாக்செட்டின் போன்ற, மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளில் குமட்டல், தலைவலி, படபடப்பு எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலனுக்கு இன்னும் சில வாரங்கள் பிடிக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், தொந்தரவு மட்டும் தருகிற மாத்திரையை எதற்கு விழுங்க வேண்டும் என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சரியான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'நல்லாயிட்டேன்' என்று திடீரென நிறுத்துகிறவர்களுக்குத் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது மாதிரியான உணர்வு வரலாம். பராக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில் இது அதிகம். டோஸைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லி.

இளம் வயதினரிடம் கூடுதல் கவனம் தேவை. மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும், டோஸ் மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-இல் சிறார்களுக்கும், 2007-இல் 24 வயது வரையுள்ளவர்களுக்கும் எச்சரிக்கை சேர்த்தது. அட்மிஷன் நாளில் ஒன்பதாவது கேள்விக்கு 0 என்று இருந்ததை வைத்து இந்த வாரங்களை ஓட்டக் கூடாது. மறுபடி கேளுங்கள்.

"அது மனநல வார்டு மருந்துதானே"

அறுவைச் சிகிச்சை வார்டில் இருப்பவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இது. ஏற்கெனவே எஸ்எஸ்ஆர்ஐ சாப்பிடுகிறவருக்கு வலிக்கு டிரமடால் ஏற்றினாலோ, கிருமித்தொற்றுக்கு லினிசோலிட் ஆரம்பித்தாலோ உடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு அளவுக்கு மீறிக் கூடும் ஆபத்தான நிலையான செரட்டோனின் சிண்ட்ரோம் வரலாம். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், பதற்றம், கணுக்காலை மேல்நோக்கி அழுத்தினால் தானாகத் துடிப்பது. காய்ச்சலை மட்டும் பார்த்துக் கிருமித்தொற்று என்று நினைத்துவிடுவார்கள். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கேட்டு எழுதுங்கள். மனநல மாத்திரையைப் பலர் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை.

பித்துநிலை வந்திருக்கிறதா என்று கேட்காமல் விடுவது

பல நாள் சரியாகத் தூங்காமலும் களைப்பே தெரியாமல் துள்ளலாக இருந்த காலம், அதாவது பித்துநிலை, உண்டா என்று கேட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வும் பித்துநிலையும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறில் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் பித்துநிலை கிளம்பலாம்.

ஆள் பற்றாக்குறைக்கு மூச்சுப் பயிற்சி

நைட் டியூட்டி முடித்தவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் உட்காரவைத்து 'பணியிட நலம்' வகுப்பு நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னதும் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. வேலை சார்ந்த நிகழ்வு என்றே வைத்திருக்கிறது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையின் மீது வெறுப்பும் விலகலும், செய்து முடிக்கும் திறன் குறைந்த உணர்வு என மூன்று கூறுகள். மூலகாரணம் வேலையில் இருக்கும்போது தனி ஆளைப் பயிற்சிக்கு அனுப்பி அதைத் தீர்க்க முடியாது. அதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வேலைச் சூழலை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் பரிந்துரைக்கிறது. அதனால் ஷிப்ட் அட்டவணை, ஓய்வு நேரம், ஒருவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வகுப்பில் பேசுங்கள். பேச விடாத வகுப்பாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உண்மையான மனச்சோர்வை 'வேலைக் களைப்பு' என்று ஒதுக்கிவிடுவது. லீவில் போய் வந்தும் மாறவில்லை, வீட்டில் பிடித்த விஷயத்திலும் ஈடுபாடு இல்லை, தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால் அது வேலையைத் தாண்டிப் போய்விட்டது. அவர் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

வார்டு ஸ்டாக்கிலிருந்து தூக்க மாத்திரை எடுத்துக்கொள்வது

கூடவே கூடாது.

சக நர்ஸ் தன் மனச்சோர்வைப் பற்றிச் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் பேசுவது

அவர் அனுமதி இல்லாமல் இன்சார்ஜிடம்கூடச் சொல்லாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் மேலே கொண்டுபோக வேண்டும். அப்போதும், யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, கூடவே இருங்கள்.