மொரிஸ் மைனரில் டிஸ்க் பிரேக்: மாஸ்டர் சிலிண்டரைக் கணக்குப் பார்த்துப் பொருத்துவது எப்படி?

முன் சக்கரங்களில் டிரம் போய் டிஸ்க் வந்துவிட்டது. ஆனால் பெடல் கல்லாக இருக்கிறது, காரும் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. கராஜில் உடனே ஒரு யோசனை சொல்வார்கள்: "பிரேக் பெரிதாகிவிட்டது, மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாகப் போடுங்கள்." தயவுசெய்து போடாதீர்கள். (மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் சிலிண்டர்.) எங்கள் வீட்டு மைனர் 1000-க்குத் தேவைப்பட்டது இதற்கு நேர் எதிரான வேலை.

டிஸ்க்கையும், அதைப் பேட் எனும் உராய்வுக் கட்டைகளால் கவ்வும் காலிப்பரையும் பூட்டுவதையும் காற்று எடுப்பதையும் இங்கே விளக்கப்போவதில்லை. அவை தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

அளவெடுங்கள்

மைனரில் உள்ள லொக்கீட் நிறுவன மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. அது ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சேஸிஸ் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே எடுக்க முயன்றால் டார்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக முறுகும் நீண்ட கம்பி) போல்ட்டுகளுக்குக் குறுக்கே நிற்கும். மைனரை வடிவமைத்த ஐசிகோனிஸ் பெரிய மேதைதான், ஆனால் இந்த போல்ட்டை அவர் தம் கையால் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் துணிபு.

விட்டம் அளக்கும் வெர்னியர் வாங்கினால் டிஜிட்டல் வகையே வாங்குங்கள். சிலிண்டரின் உள்விட்டத்தையும் காலிப்பர் பிஸ்டனின் விட்டத்தையும் செ.மீ.யில் குறித்துக்கொள்ளுங்கள். விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, பிறகு 0.785-ஆல் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். 7/8 அங்குலத்துக்கு 3.88 ச.செ.மீ., 3/4 அங்குலத்துக்கு 2.85, 1 அங்குலத்துக்கு 5.07.

அடுத்தது பெடல் விகிதம். பெடல் ஆடும் அச்சிலிருந்து கால் வைக்கும் இடத்தின் நடுவரை ஒரு நீளம். அதே அச்சிலிருந்து தள்ளுதண்டின் (மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் தண்டு) ஊசிவரை இன்னொரு நீளம். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வேறொருவரின் காரிலிருந்து இந்த எண்ணைக் கடன் வாங்க வேண்டாம்.

கணக்கு

விகிதம் 5 என்று வைத்துக்கொள்வோம். கால் 30 கிலோ அழுத்தினால் தள்ளுதண்டில் 150 கிலோ வரும். அதைப் பரப்பால் வகுத்தால் குழாயில் ஏறும் அழுத்தம். 1 அங்குலச் சிலிண்டரில் அது ச.செ.மீ.க்கு ஏறத்தாழ 30 கிலோ, 7/8-இல் 39, 3/4-இல் 53. சிலிண்டர் சிறுத்தால் அழுத்தம் கூடும். பெரிய சிலிண்டர் பிரேக் ஒயிலை அதிகம் தள்ளும், பலத்தைக் குறைக்கும்.

டிஸ்க்குக்கு இந்த அழுத்தம் ஏன் இவ்வளவு தேவை? மைனரின் முன் டிரம்களில் இரண்டு ஷூக்களுமே (டிரம்மின் உட்சுவரில் அழுத்தும் வளைந்த கட்டைகள்) சுழற்சியோடு சேர்ந்து தாமாகவே உள்ளே இழுபடும் வகை. அந்த இலவச உதவி டிஸ்க்கில் கிடையாது, எல்லாம் உங்கள் காலிலிருந்துதான் வரவேண்டும்.

இதற்கு விலையும் உண்டு. 1 சி.சி. ஒயிலைத் தள்ள 7/8 சிலிண்டரில் பெடல் 13 மி.மீ. இறங்கினால் போதும், 3/4-இல் 17 அல்லது 18 மி.மீ. இறங்க வேண்டும். பின் டிரம்களின் ஷூ இடைவெளியைச் சரியாக இறுக்காவிட்டால் பெடல் தரையைத் தொட்டுவிடும். அழுத்தம் பின்னாலும் கூடுவதால், மழை நாளில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறதா என்று வெறிச்சோடிய ஒழுங்கையில் சோதித்துப் பாருங்கள். பூட்டினால் பின் குழாயில் அழுத்தக் குறைப்பான் வேண்டும்.

சேஸிஸுக்குள் வேறு சிலிண்டர் நுழைவது சிரமம். பழையதற்கே துருப்பிடிக்காத எஃகில் உள்ளுறை போட்டு 3/4 ஆக்கலாம். பணம் இருந்தால் இயந்திர அறைச் சுவரில் இரட்டைச் சுற்றுச் சிலிண்டர் வைப்பதே என் விருப்பம். ஒரே குழாய் வெடித்து நான்கு சக்கரமும் கைவிடும் ஏற்பாட்டை நான் ஒருபோதும் நம்பியதில்லை. வாக்குவம் பூஸ்டர் (இயந்திரத்தின் வெற்றிடத்தால் காலுக்குப் பலம் சேர்க்கும் கருவி) சேர்ப்பதும் ஒரு வழி, ஆனால் பழுதாக இன்னொரு பொருள்.

சக்கரம் பிடித்துக்கொள்ளும் இடம்

இந்த வேலையில் பொறுமையைச் சோதிப்பது இதுதான். எல்லாம் பூட்டி, ஓட்டிப் பார்த்துத் திரும்பினால் டிஸ்க் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். காலிப்பரைக் குறை சொல்லி இரண்டாவது காலிப்பர் வாங்கப் போகாதீர்கள்.

டிரம்முக்கென்று செய்த பழைய சிலிண்டரின் கோடியில், ஸ்பிரிங்குக்கு அப்பால் ஒரு சிறு வால்வு இருக்கிறது. பெடலை விட்ட பிறகும் குழாயில் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்ட்) அளவு அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அதன் வேலை. சக்கரச் சிலிண்டர்களின் ரப்பர் விளிம்பு விரிந்தே இருக்க டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்கிலோ பிஸ்டனைப் பின்னிழுக்க ஸ்பிரிங் இல்லை. தேங்கிய அழுத்தம் பேடை டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும்.

அந்த வால்வை எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் அதன்மேல் உட்கார்ந்திருப்பதால், அதே உயரத்துக்கு ஒரு வளையத்தை அந்த இடத்தில் வையுங்கள். பின் டிரம்களுக்கு மட்டும் போகும் குழாயில் தனியாக 10 பி.எஸ்.ஐ. வால்வு போடவேண்டும். மைனரில் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் ஒயில் தானாகவே வடிந்து இறங்கும். அதைத் தடுக்க முன் குழாயில் 2 பி.எஸ்.ஐ. வால்வு. வில்வுட் நிறுவனத்தின் வால்வுகளில் சிவப்பு 10, நீலம் 2. மாற்றிப் பூட்டினால் வந்த வழியே திரும்பவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு சக்கரம் பிடித்தால், சூடாக இருக்கும்போதே காலிப்பரின் நிப்பிளை (காற்று எடுக்கும் திருகு) தளர்த்துங்கள். ஒயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் தேங்கியிருக்கிறது. நிப்பிளை மூடி, ஓட்டிச் சூடாக்கி, இம்முறை மாஸ்டர் சிலிண்டர் வாயில் இருக்கும் குழாய் நட்டைத் தளர்த்துங்கள். அங்கேயும் பீறிட்டால் கோளாறு சிலிண்டருக்குள்: தள்ளுதண்டில் சிறிதும் தளர்வு இல்லாததால் பிஸ்டன் முழுதும் திரும்பவில்லை, அல்லது பெடலை விட்டதும் ஒயில் தொட்டிக்குத் திரும்பும் ஊசித் துளை (திரும்பு துளை) அடைபட்டிருக்கிறது. அங்கே பீறிடாவிட்டால் வழியிலுள்ள வால்வைப் பாருங்கள். நட்டைத் திருப்ப, வாயில் வெட்டுள்ள ரிங் ஸ்பானர் மட்டுமே. சாதாரண ஸ்பானர் அந்த மெல்லிய நட்டின் முனைகளை உருட்டிவிடும்.

பிற்சேர்க்கை

உள்ளுறை போட்ட பிறகு பெடல் விட்டுவிட்டு மெத்தென்று ஆகிறது, ஒயிலில் கருப்புத் துகள் மிதக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். லேத் பட்டறையில் அந்தத் திரும்பு துளையை உள்ளுறையிலும் போட்டார்கள், உட்புறப் பிசிறை எடுக்கவில்லை. ரப்பர் ஒவ்வொரு முறையும் அதன்மேல் உரசிக் கிழிகிறது. சிலிண்டரைக் கழற்றித் துளையின் உள்விளிம்பை மழுக்கி, புது ரப்பர் போட்டதும் சரியானது.

நான்கு பிஸ்டன் காலிப்பருக்கு என்ன கணக்கு என்றும் கேட்டார்கள். ஒரு பக்கத்து இரண்டு பிஸ்டன்களை மட்டும் எண்ணுங்கள். 38 மி.மீ. பிஸ்டன் இரண்டுக்கு 22.7 ச.செ.மீ., நகரும் வகைக் காலிப்பரின் ஒற்றை 54 மி.மீ. பிஸ்டனுக்கு 22.9. இரண்டுக்கும் அதே மாஸ்டர் சிலிண்டர் போதும்.