வீட்டில் கட்டிய ஆர்கேட் இயந்திரத்தை ஆவணப்படுத்திப் பகிர்வது எப்படி?

நாம் கட்டிய ஆர்கேட் இயந்திரத்தை (விளையாட்டு அரங்குகளில் இருக்கும் வீடியோ கேம் பெட்டியை) இணையத்தில் பகிர்கிறோம் என்றால், அதைப் படிக்கும் இன்னொருவர் அதே இயந்திரத்தைத் தம் வீட்டில் கட்டி முடிக்க வேண்டும். அழகான படங்கள் மட்டும் நிறைந்த பதிவுகளைக் கொண்டு ஒரு பலகையைக்கூடச் சரியாக அறுக்க முடியாது. ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி, அதில் பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருள், 12 மி.மீ. பிளைவுட் ஆகியவற்றைக் கொண்டு இருவர் ஆடக்கூடிய மேசை இயந்திரம் ஒன்றைக் கட்டி, அதன் விவரங்களைப் பகிர்ந்த முறையை இங்கே எழுதுகிறேன். மரவேலையும் சால்டரிங்கும் ரெட்ரோபை நிறுவுதலும் உங்களுக்குப் பழக்கம் என்றே கொள்கிறேன்.

படி 1: அறுக்கும் முன்பே படமெடுக்கத் தொடங்குங்கள்

மூடியபின் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பகுதிகளே அதிகம் தேவைப்படும். மானிட்டரின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிய நிலை, பின்பலகை பொருத்துமுன் உள்ளே தெரியும் வயர்கள், திருகுகள் மரத்தில் இறங்கும் இடங்கள் ஆகியவற்றை ஓர் எஃகு அளவுகோலை அருகில் வைத்து எடுங்கள். படங்களைத் தேதிவாரியாக அல்லாமல் பாகவாரியாகக் கோப்புறைகளில் வையுங்கள்.

படி 2: வரைபடம்

எல்லாத் துளைகளின் மையத்தையும் பலகையின் ஒரே மூலையிலிருந்து அளந்து குறியுங்கள். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு என்று அளந்தால், ஒவ்வொன்றிலும் ஏற்படும் சிறு பிழை கூடிக்கொண்டே போய் கடைசிப் பொத்தானை இடம் மாற்றிவிடும். ஆட்டப் பொத்தான்களுக்கு 30 மி.மீ., தொடக்கப் பொத்தானுக்கு 24 மி.மீ. என்று துளையின் அளவையும் வரைபடத்திலேயே எழுதுங்கள். தட்டையான பலகைகளுக்கு இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் போதும். முப்பரிமாண மென்பொருளைக் கற்றுத்தான் பகிர வேண்டும் என்பதில்லை. பி.டி.எஃப். கோப்பின் ஓரத்தில் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றை அவசியம் வரையுங்கள். அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு வரைபடத்தைச் சற்றே சுருக்கிவிடும். அமெரிக்காவில் இருப்பவர் ஏ4 கோப்பை லெட்டர் தாளில் அச்சிட்டாலும் இதுவே நேரும். அந்தக் கோட்டை அளந்து பார்த்தால் அறுக்கும் முன்பே உண்மை தெரிந்துவிடும்.

படி 3: வயரிங் அட்டவணை

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். ராஸ்பெரி பையின் 40 இணைப்பு முனைகளுக்கு (பின்களுக்கு) இரண்டு வகை எண்கள் உண்டு. ராஸ்பெரி பை பலகையில் வரிசையாக எண்ணினால் கிடைப்பது இட எண்; சிப் தன் உள்ளீடு-வெளியீட்டு முனைகளுக்கு வைத்திருப்பது ஜி.பி.ஐ.ஓ. எண். மென்பொருள் அமைப்புகளில் பெரும்பாலும் இரண்டாவது எண்ணே வருகிறது, ஆனால் வயரைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் கண் முதல் எண்ணையே எண்ணுகிறது. ஜி.பி.ஐ.ஓ. 17 என்பது 11-ஆம் இடத்திலும், ஜி.பி.ஐ.ஓ. 2 என்பது 3-ஆம் இடத்திலும் உள்ளன. 2-ஆம் இடத்தில் இருப்பதோ 5 வோல்ட். நீங்கள் ‘குதிக்கும் பொத்தான், முனை 2’ என்று மட்டும் எழுதியிருந்தால், படிப்பவர் 5 வோல்ட்டைப் பொத்தானின் ஒரு காலிலும் கிரவுண்டை மறுகாலிலும் இணைத்துவிடக்கூடும். பொத்தானை அழுத்தியதும் நேரடிக் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். ஜி.பி.ஐ.ஓ. முனைகள் 3.3 வோல்ட்டுக்கே உரியவை என்பதால், அவற்றில் 5 வோல்ட் பட்டாலும் ராஸ்பெரி பை பழுதாகலாம்.

எனவே அட்டவணையில் பொத்தானின் பெயர், எந்த ஆட்டக்காரருடையது, ஜி.பி.ஐ.ஓ. எண், இட எண், வயரின் நிறம் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். 1-ஆம் இட எண் கொண்ட முனை மைக்ரோ எஸ்டி அட்டை செருகும் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள். வண்ணமயமான இணைப்புப் படங்களைவிட எழுத்தாலான அட்டவணையையே நான் விரும்புகிறேன். அதில் தேடலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம். ஆர்கேட் உலகில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1985-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட ஜாமா தரம், 56 தொடர்புகள் கொண்ட இணைப்பியில் எந்தச் சமிக்ஞை எங்கே வர வேண்டும் என்று வரையறுத்தது. அதனால்தான் ஒரு பெட்டியில் வயரிங்கை மாற்றாமலே விளையாட்டு இருக்கும் மின்சுற்றுப் பலகையை மட்டும் மாற்ற முடிந்தது.

230 வோல்ட் செல்லும் பகுதியைத் தனிப் படமாக, எர்த் இணைப்பு தெளிவாகத் தெரியும்படி காட்டுங்கள்.

படி 4: திரையைப் படமெடுத்தல்

ஒளிரும் திரையைப் படமெடுத்தால் பட்டைகள் விழுவதற்குக் காரணம், திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் மலிவான விளக்குகள் 100 முறை துடிப்பதும்தான். கேமராவை முக்காலியில் வைத்து ஷட்டரை 1/20 நொடிக்கு அமையுங்கள். அந்த இடைவெளியில் திரையின் 3 சுற்றுகளும் விளக்கின் 5 துடிப்புகளும் முழுமையாக அடங்கிவிடும். காணொளி என்றால் விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் 1/60 வைத்து எடுங்கள்.

படி 5: பதிவேற்றம்

கோப்புகளைப் பகிரும் இணையதளமான கிட்ஹப் எனக்குப் பிடித்த இடம். ஒரு கோப்பு 100 எம்.பி.யைத் தாண்டக் கூடாது என்பதால் காணொளிகளை யூடியூபில் ஏற்றி இணைப்பு கொடுங்கள். எஸ்டி அட்டையை முழுமையாக நகலெடுத்துப் பகிராதீர்கள். அதில் பதிப்புரிமை உள்ள ரோம் கோப்புகள் (விளையாட்டுகளின் நகல்கள்) இருக்கும், உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் இருக்கும். நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்புகளை மட்டும், உள்ளே ஒருமுறை படித்துப் பார்த்தபின் ஏற்றுங்கள். கைபேசிப் படங்களில் பதிந்திருக்கும் இடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். உரிமம் எழுதாத வரைபடத்தைப் பிறர் திருத்தி வெளியிடச் சட்டப்படி அனுமதி இல்லை. ஆகவே வரைபடங்களுக்கும் விளக்கத்துக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம், நிரலுக்கு எம்.ஐ.டி. அல்லது ஜி.பி.எல். என்ற மென்பொருள் உரிமம் என்று பிரித்துக் கொடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே தன் உரிமங்களை மென்பொருளுக்குப் பரிந்துரைப்பதில்லை.

பிற்சேர்க்கை: என் வரைபடத்தைக் கொண்டு கட்டியவர்களில் சிலர், எந்தப் பொத்தானும் அழுத்தாமலே அழுத்தியதாகக் காட்டுகிறது என்று கேட்டிருந்தார்கள். பொத்தானுக்கு அடியில் இருக்கும் மைக்ரோசுவிட்சில் மூன்று கால்கள் உண்டு: பொதுக் கால், அழுத்தினால் இணையும் கால், அழுத்தினால் துண்டிக்கப்படும் கால். மூன்றாவதில் வயரை இணைத்தால் இப்படிக் காட்டும்; முதல் இரண்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இதை அட்டவணைக்குக் கீழே அருகிலிருந்து எடுத்த படத்துடன் சேர்த்து, கோப்பின் பதிப்பு எண்ணையும் உயர்த்தியிருக்கிறேன். நீங்களும் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் பதிப்பு எண்ணை இடுங்கள். பழைய தாளை வைத்து அறுத்துக்கொண்டிருப்பவருக்கு எது மாறியது என்று சொல்ல அந்த எண் வேண்டும்.