பொம்மை வீட்டு யன்னலுக்குத் திரைச்சீலை: மடிப்பு விரியாமல் நிற்க

1:12 அளவு (நிஜ வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு) பொம்மை வீட்டில் 6 செ.மீ அகலம், 10 செ.மீ உயரமான யன்னலுக்கு இரண்டு துண்டு துணி வேண்டும். ஒவ்வொன்றும் 8.5 செ.மீ அகலம், 12.5 செ.மீ நீளம். நூலோட்டம் மேலிருந்து கீழாக வரட்டும். குறுக்கே வெட்டினால் மடிப்பு கோணும். பழைய பருத்தி வொயில் சேலைதான் மிகச் சிறந்தது. பொலியெஸ்டர் இந்த முறையில் மடிப்பை அவ்வளவாகப் பிடிக்காது.

பக்கங்களை 4 மி.மீ, கீழ்விளிம்பை 5 மி.மீ மடித்துத் துணிப்பசையால் ஒட்டுங்கள். தைத்தால் இந்த அளவுக்கு விளிம்பு தடித்துத் தெரியும். மேலே 1 செ.மீ மடித்து, ஓரத்தில் மட்டும் பசை பூசி, அது காயுமுன் திரைக்கம்பியாக வரும் ஈர்க்கை நுழைத்து உருட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் குழாய் ஒட்டிப்போகும்.

இனி மடிப்பு, அழகு முழுக்க இதில்தான் இருக்கிறது. ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகைமேல் பொலித்தீன் விரித்து, துணியை 3 செ.மீ அகலத்துக்குச் சுருக்கி, ஒவ்வொரு மடிப்பின் மேலும் கீழும் குண்டூசி குத்துங்கள். ஒரு பங்கு வெள்ளைப் பசையை மூன்று பங்கு நீரில் கரைத்து, தூரிகையால் மேலிருந்து கீழாகப் பூசுங்கள். சோற்றுக்கஞ்சி வேண்டாம். திருகோணமலையில் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கடலீரத்தில் அது இளகும், பூஞ்சணமும் பிடிக்கும். உப்புக்காற்றில் சாதாரண ஊசி துருப்பிடித்துத் துணியில் கறை விடும். துருப்பிடிக்காத ஊசியே வாங்குங்கள். கச்சான் என்னும் வறண்ட தென்மேல் காற்று வீசும் ஆனி, ஆடியில் விரைவாகக் காயும். மாரியில் ஓர் இரவு முழுக்க விடுங்கள்.

ஈர்க்கின் இரு முனையிலும் சிறு பாசிமணி ஒட்டி, யன்னலுக்கு மேலே 5 மி.மீ உயரத்தில் பொருத்துங்கள்.