பழைய எஸ்டர்புரூக் பேனாவை மறுபடி எழுதவைப்பது எப்படி?

பழைய மைப் பேனா சேகரிக்க ஆசை, எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது எஸ்டர்புரூக் ஜே. 1858 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள கேம்டன் நகரில் எஃகு நிப் செய்துவந்த கம்பெனி அது. அவர்களின் ஜே பேனாக்கள் 1940களிலும் 50களிலும் ஏராளமாக விற்றன. மூடியின் உச்சியிலும் பேனாவின் அடியிலும் கறுப்புப் பொத்தான் இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

தங்க நிப் கிடையாது. ஆனால் நிப்பைத் திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். ஒரே பேனாவில் பட்டை எழுத்து, மெல்லிய எழுத்து, அழுத்தினால் விரியும் எழுத்து எல்லாம் எழுதிப் பார்க்கலாம். நிப்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பேனா எனக்குத் தெரியவில்லை.

1. முதலில் நிப்பைப் பாருங்கள்

பேனாவின் பளபளப்பில் மயங்க வேண்டாம். ஒரு லென்ஸ் எடுத்து நிப்பின் மேலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1 அல்லது 2இல் தொடங்கினால் நுனியும் எஃகுதான், மடித்து உருட்டியது. 9இல் தொடங்கினால் நுனியில் ஆஸ்மிரிடியம் என்ற கடின உலோகப் பொட்டு வைத்திருக்கும். 2668, 9668 இரண்டும் நடுத்தரத் தடிமனில் எழுதும் விறைப்பான நிப்புகள். எனக்குக் கொஞ்சம் விலை கூடினாலும் 9668தான்.

காரணம் தேய்மானம். பொட்டு இல்லாத நிப், முன்பு எழுதியவரின் கைச்சாய்வுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். நம் எழுத்தோ எல்லாப் பக்கமும் சுழலும். ‘ஞ’, ‘ணை’ எழுதிப் பாருங்கள், ஏதாவது ஒரு திருப்பத்தில் காகிதத்தைக் கீறும்.

அப்புறம், பிளவின் இரு பக்கமும் நுனியில் சமமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று சற்று ஏறியிருந்தால் விரல் நகத்தால் மெல்ல அழுத்திச் சரிசெய்யலாம். ஒடிந்திருந்தால் அந்த நிப்புக்கு விலை கொடுக்காதீர்கள்.

2. ஊறவையுங்கள்

நிப் பகுதி மட்டும் முழுகும்படி சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு. சூடான தண்ணீரும் ஸ்பிரிட்டும் வேண்டாம்.

3. நிப்பைக் கழற்றுங்கள்

நிப்பையும் அடியிலுள்ள கறுப்புக் கட்டையையும் சேர்த்துப் பிடித்து இடப்பக்கமாகத் திருகுங்கள். நிப்பை மட்டும் பிடித்தால் வளைந்துவிடும். வரவில்லையா? மறுபடி ஊறவையுங்கள். மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை.

4. ரப்பர் பையை மாற்றுங்கள்

மை உறிஞ்சுவதற்கான பக்கவாட்டு லீவர் தூக்க முடியாமல் இறுகியிருந்தால் உள்ளே மைப்பை காய்ந்து கல்லாகியிருக்கிறது என்று பொருள். பலவந்தமாகத் தூக்கினால் லீவர் உடையும்.

பையை எடுக்க, விரலால் பிடித்து எழுதும் கழுத்துப் பகுதியை உடலிலிருந்து பிரிக்க வேண்டும். அங்கே மரை கிடையாது, இறுக்கிச் செருகியதுதான். ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் சில விநாடி காட்டி, மெல்ல ஆட்டி இழுங்கள். கை தாங்கும் சூடு போதும். நெருப்பைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது, பழைய பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும்.

உள்ளே ஒட்டியிருக்கும் ரப்பர்த் துண்டுகளைச் சுரண்டி முழுவதும் வெளியே எடுங்கள். சாதாரண ஜே பேனாவுக்கு 16ஆம் எண் பை, அதாவது கால் அங்குல விட்டம். ஒல்லியான எல்ஜே, எஸ்ஜே பேனாக்களுக்கு அதைவிடச் சிறியது வேண்டும். நீளத்தை அளந்து வெட்டி, கழுத்தின் முனையில் அரக்குக் கரைசல் தடவிப் பையை மாட்டுங்கள். சூப்பர் குளூ போடாதீர்கள். அரக்கு என்றால் அடுத்த முறை சூடு காட்டிப் பிரிக்கலாம். ஓர் இரவு காயட்டும். வாசனை சேர்க்காத டால்க் தூளைப் பைமேல் பூசி உள்ளே செருகுங்கள்.

5. மை நிரப்பி எழுதுங்கள்

நிப்பை மறுபடி திருகி மாட்டுங்கள். அது முழுவதும் மையில் முங்க லீவரைத் தூக்கி இறக்கி, பத்து விநாடி அப்படியே வைத்திருங்கள். தண்ணீரில் கழுவினால் போகும் மைப் பேனா மை மட்டும் போதும். வரைபடத்துக்கான இந்தியன் இங்க் உள்ளே உறைந்து அடைத்துவிடும்.

ஒரு பக்கம் எழுதியபின் 9668ஐக் கழற்றிவிட்டு 2788ஐத் திருகுங்கள். அது வளையும் நிப். கீழே இறங்கும் கோட்டில் மட்டும் லேசாக அழுத்துங்கள். ‘ழ’வின் கால் தடித்தும் மெலிந்தும் இறங்குவதைப் பார்க்கலாம்.