தீம் பார்க்குக்கு முதல்முறை போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களை வேன் பிடித்துத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போய் வருவது எனக்குப் பல வருட வேலை. மகளிர் குழு, ஒரே தெருக்காரர்கள், ஒரே ஆபீஸ்காரர்கள் என்று எல்லா வகைக் கூட்டத்தோடும் போயிருக்கிறேன். முன்பெல்லாம் ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம் என்று கேட்பார்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்த பிறகு, தீம் பார்க் பக்கமே போகாதவர்கள்கூட ‘எங்களையும் கூட்டிப் போங்க’ என்று வருகிறார்கள். பார்க் மாறுகிறது, ஆள் மாறுகிறார்கள், செய்கிற தவறு மட்டும் அதேதான்.

தொப்பி எடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். முழு நாளையும் கெடுத்துவிடுகிற சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

எல்லோரும் போகிற நாளில் போவது

நிதானமாகச் சுற்றிப் பார்க்க முடியுமா முடியாதா என்பது பெரும்பாலும் நீங்கள் போகிற தேதியிலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு ரைடில் ஒரு தடவைக்கு இத்தனை பேர்தான் உட்கார முடியும். சுற்று முடிந்ததும் அவர்களை இறக்கி, அடுத்தவர்களை ஏற்றி, ஒவ்வொருவர் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் மெஷினைக் கிளப்புவார்கள். கூட்டம் இரண்டு மடங்கு வந்துவிட்டது என்று யாரும் அதை வேகமாக ஓட்ட மாட்டார்கள், ஓட்டவும் கூடாது. அதனால் இரண்டு நிமிஷ ரைடுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். காணும் பொங்கல் அன்று கேட்கவே வேண்டாம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பலர் அதை யோசிப்பதே இல்லை. புதுச்சேரியில் ஆகஸ்ட் 16 அரசு விடுமுறை. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள் அது. நவம்பர் 1-ம் விடுமுறைதான், 1954-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நிர்வாகம் நம் கைக்கு வந்த நாள். இந்த இரண்டு தேதியிலும் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடமும் ஆபீசும் வழக்கம்போல நடக்கும். வார நாளில் அமைந்தால் சென்னைப் பக்கத்துப் பார்க்கில் கூட்டம் குறைவாக இருக்கும். ஆகஸ்ட் 15 அன்று போய் நெரிசலில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒரு நாள் தள்ளிப் போனாலே போதும். ஆனால் நவம்பர் 1 அன்று பெங்களூரு பக்கம் பிடதியில் இருக்கிற வொண்டர்லாவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அன்று கன்னட ராஜ்யோத்சவம், கர்நாடகம் முழுக்க விடுமுறை.

கடலூர் மாவட்டக்காரர்களுக்கு ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். ஊரே சிதம்பரத்தைப் பார்த்துப் போகிற அன்று நீங்கள் வடக்கே போகலாம். ஆருத்ரா அரையாண்டு லீவோடு சேர்ந்து வந்தால் மட்டும் இந்தக் கணக்கு சரிப்படாது.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டில் அளக்காமல் போவது

பெரிய ரைடு ஒவ்வொன்றின் வாசலிலும் ஓர் அளவுகோல் நிற்கும். பலவற்றில் 140 செ.மீ. இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். தோளிலும் தொடையிலும் வந்து பூட்டுகிற கம்பி அந்த அளவு உடம்புக்குத்தான் சரியாகப் பிடிக்கும் என்பதால் அந்த விதி. பிள்ளைக்குத் தைரியம் இருக்கிறதா என்பது அங்கே பேச்சே இல்லை. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலோ கீழோதான் இருப்பார்கள். அண்ணனை உள்ளே விட்டு, முக்கால் மணி நேரம் கூடவே வரிசையில் நின்ற தம்பியைத் திருப்பி அனுப்பும்போது அந்தப் பிள்ளை அழுகிற அழுகையைப் பார்க்க முடியாது. அப்பாக்கள் ஊழியரிடம் சண்டைக்குப் போவார்கள். அந்த ஊழியர் செய்வதுதான் சரி.

முதல் நாளே செருப்பைக் கழற்றி, கதவு நிலையில் முதுகை ஒட்டி நிறுத்தி, தலைமேல் ஒரு நோட்டை வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். பார்க்கின் இணையதளத்தில் எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் என்று இருக்கும். ‘இது உனக்கு, இது அடுத்த வருஷம்’ என்று வீட்டிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். டிக்கெட்டுக்கும் இது உதவும். வொண்டர்லாவில் குழந்தைக் கட்டணத்துக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள்: 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட்.

பை காக்க ஒருவரை உட்கார வைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் பை காப்பவர் ஆகிவிடுகிறார். கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான். அம்மா, அத்தை, பெரியம்மா, இல்லாவிட்டால் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள். யாரும் திட்டம் போட்டு அவரை உட்கார வைப்பதில்லை. முதல் ரைடுக்கு ஓடும்போது ‘இதக் கொஞ்சம் பிடி’ என்று ஒரு கைப்பையைக் கொடுப்பார்கள். அப்புறம் செருப்பு, அப்புறம் செல்போன், அப்புறம் ஈரத் துண்டு. மதியத்துக்குள் அவர் எழுந்து நிற்கக்கூட முடியாதபடி சுற்றிலும் சாமான் சேர்ந்துவிடும்.

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா எனக்கு மறக்கவே இல்லை. மரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலடியில் செருப்புகள் ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தன. தோளில் மூன்று துண்டு. மடியில் ஆறேழு செல்போன், ஒன்று மாற்றி ஒன்று அடிக்கிறது. எதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ‘அவங்க வரட்டும்மா, நான் இப்படியே குந்திக்கினு இருக்கேன்’ என்றார். மணி அப்போது மூன்றை நெருங்கியிருந்தது. அவர் கணவரிடம் போய்க் கேட்டால், ‘அவளுக்கு இதெல்லாம் புடிக்காதுங்க’ என்று அவர்பாட்டுக்குச் சொல்லிவிட்டு அலைக் குளத்துக்குப் போய்விட்டார்.

ஊர் திரும்பும்போது மரக்காணத்தில் டீக்கு நிறுத்தினோம். எப்படி இருந்ததுக்கா என்றேன். ‘நல்லாருந்துச்சும்மா. மரத்து நெழலு நல்லாருந்துச்சு’ என்றார். கொஞ்ச நாள் கழித்து என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது, பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கேட்டார்: ‘அந்த டியூபுல படுத்துக்கினு மெதந்து போனாங்களே, அதுல என்னெ மாதிரி ஆளு போலாமா?’

போகலாம். தாராளமாகப் போகலாம். லேஸி ரிவர் என்பார்கள், வளைந்து வளைந்து மெதுவாக ஓடுகிற ஆழமில்லாத கால்வாய். ஒரு டியூபில் உட்கார்ந்தால் தண்ணீரே இழுத்துப் போகும். மாடி ஏற வேண்டாம், நீச்சல் வேண்டாம். அலைக் குளத்தின் ஓரத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் உட்காரலாம். மற்றவர்களுக்கு வாங்கிய அதே விலை டிக்கெட்டைத்தான் அவருக்கும் வாங்கியிருந்தார்கள். ஒரு நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார அந்தப் பணம்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். முதல் காரணம் உடை. தண்ணீர்ப் பகுதியில் சேலை, காட்டன் சுடிதார், துப்பட்டா எதையும் அனுமதிக்க மாட்டார்கள். நைலான், பாலியெஸ்டர் மாதிரி துணிதான் போட வேண்டும். இந்த விதி சரியானதே. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய்ச் சேரும், முந்தானையோ துப்பட்டாவோ சறுக்கில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் இதைக் கிளம்பும் முன் வீட்டுப் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. ஆண்களும் பிள்ளைகளும் டிரவுசரோடு வந்துவிடுகிறார்கள். அவர் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வருகிறார். பார்க் வாசலைத் தாண்டும்போதே அவருடைய நாள் முடிந்துவிடுகிறது. உள்ளே கடையில் உடை கிடைக்கும்தான், ஆனால் விலையைக் கேட்டதும் ‘எனக்கு எதுக்கு’ என்று சொல்லிவிடுவார். அதையே காரணமாக வைத்து மற்றவர்களும் விட்டுவிடுவார்கள்.

அதனால் ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். கடலூர் என்றால் லாரன்ஸ் ரோடு, புதுச்சேரி என்றால் நேரு வீதி, இல்லாவிட்டால் காந்தி வீதி ஞாயிறு சந்தை. கணுக்கால் வரை வருகிற நைலான் லெக்கிங்ஸ், முழங்கை தாண்டிய கை வைத்த டீ-சர்ட், கொஞ்சம் தொளதொளப்பாக. நிறம் கறுப்போ கருநீலமோ இருந்தால் நனைந்தாலும் கூச்சம் இருக்காது. வீட்டிலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே மாதிரி எடுத்துவிட்டால் யாரும் தயங்குவதில்லை, இதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டாவது காரணம் சாமான். வீட்டில் ஆளுக்கொரு பை என்று கிளம்பினால் அதைக் காக்க ஆள் வேண்டித்தான் வரும். குடும்பத்துக்கு ஒரே பை. அதில் ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, அவ்வளவுதான். உள்ளே போனதும் முதல் வேலையாக லாக்கர் எடுங்கள். வாடகையோடு முன்பணமும் கேட்பார்கள், சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் முன்பணம் வந்துவிடும். இரண்டு குடும்பம் ஒரு பெரிய லாக்கரைப் பகிர்ந்துகொள்ளலாம். கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறையில் ஒரு போன், கொஞ்சம் பணம் போதும். நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கம்மல் தொலைந்து அதைத் தேடியே மாலைப் பொழுது போன கதையெல்லாம் உண்டு.

மூன்றாவது காரணம், அவரிடம் யாரும் கேட்காதது. கேட்டால் முதல் தடவை ‘வேண்டாம்’ என்றுதான் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். நான் இப்போது வேன் கிளம்பியதும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன், உங்களுக்கு எது வேண்டும் என்று. போன கோடையில் முத்தியால்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாட்டி, ‘உயரத்துலேர்ந்து ஊரப் பாக்கணும்’ என்றார். ராட்டினத்தில் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இறங்கியதும் இன்னொரு சுற்று கேட்டார்.

இரத்தக் கொதிப்பு, இதய நோய், முதுகுத் தண்டுப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வேகமான ரைடுகளில் ஏறவே கூடாது. அதில் விளையாட்டு வேண்டாம். ஆனால் அதற்காக அவர்கள் பை காக்க வேண்டும் என்று ஆகாது.

மாமல்லபுரத்தையும் சேர்த்துக்கொள்வது

வேண்டாம். கடற்கரைக் கோயிலுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ரைடும் ஏறிவிட வேண்டும் என்று கணக்குப் போடுவது

கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் ஏறிவிட வேண்டும் என்று பட்டியலோடு ஓடுகிறவர்கள் மாலையில் எதையுமே நினைவில் வைத்திருப்பதில்லை. வீட்டில் ஆளுக்கு இரண்டோ மூன்றோ தேர்ந்தெடுங்கள், மற்றதெல்லாம் கிடைத்தால் சரி. இன்னொன்று: பல பார்க்குகளில் தண்ணீர்ப் பகுதியை மதியம் 12 மணி வாக்கில்தான் திறக்கிறார்கள், மாலை 5 மணியளவில் மூடிவிடுகிறார்கள். திறந்ததும் கூட்டம் மொத்தமும் அங்கே ஓடும். அந்த நேரத்தில் ரோலர் கோஸ்டர் பக்கம் வரிசை சுருங்கும். அதற்கு ஆசைப்படுகிறவர்கள் அப்போது போய்விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீருக்கு வரலாம். உடை நனைவதற்கு முன் உலர்ந்த ரைடுகளை முடிப்பதும் நல்லதுதான்.

புளிசாதத்தோடு போவது

வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலான பார்க்குகளில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கைக்குழந்தைக்கான உணவை விட்டுவிடுவார்கள். விடியற்காலையில் எழுந்து கிளறிய புளிசாதம் வேனிலேயே கிடந்து கெட்டுப்போவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். வழிக்கு வேண்டுமானால் இட்லி கட்டிக்கொள்ளுங்கள், பார்க்குக்குள் போகும் முன் சாப்பிட்டு முடிக்கிற அளவுக்கு. உள்ளே மதியச் சாப்பாட்டை பதினொன்றரைக்கே முடித்துவிட்டால் வரிசை இருக்காது. பிரியாணி சாப்பிட்ட சூட்டோடு சுழல்கிற ரைடில் ஏறாதீர்கள்.

ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட்

கூடுதல் பணம் கட்டித் தனி வரிசையில் சீக்கிரம் போகிற டிக்கெட் இது. கூட்ட நாளில் வாங்குங்கள். வார நாளில் வீண் செலவு.

ஏழு மணிக்கு மேல் கிளம்புவது

கடலூரிலிருந்து இள்ளலூர் 120 கிலோமீட்டருக்கு மேல். புதுச்சேரியில் இந்திரா காந்தி சிலையையும் ராஜீவ் காந்தி சிலையையும் பள்ளி, ஆபீஸ் நேரத்தில் தாண்டுவதற்குள்ளேயே அரை மணி நேரம் போய்விடும். ஆறுக்குள் வண்டி கிளம்ப வேண்டும்.

நாளெல்லாம் ஆடிவிட்டுத் தானே வண்டி ஓட்டி வருவது

சொந்தக் காரில் போகிற அப்பாக்களுக்கு இது. வெயில், தண்ணீர், வரிசை எல்லாம் சேர்ந்து உடம்பை எவ்வளவு களைப்பாக்கியிருக்கிறது என்பது சீட்டில் உட்கார்ந்து ஏசி போட்ட பிறகுதான் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் மாடு குறுக்கே வரும், எதிர் வண்டிக்காரர் ஹைபீமைக் குறைக்க மாட்டார். பின்சீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டால் ஓட்டுகிறவருக்குப் பேச்சுத்துணைகூட இருக்காது.

ஓட்டுநர் வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்டால் அவரை உள்ளே அழைத்துக்கொண்டு சுற்றாதீர்கள், மதியம் நிழலில் படுத்துத் தூங்க விடுங்கள், நீங்கள் சாப்பிடும்போது அவருக்கும் சாப்பாட்டுப் பணம் கொடுத்துவிடுங்கள். நீங்களேதான் ஓட்ட வேண்டும் என்றால் நாலு மணிக்குத் தண்ணீரை விட்டு ஏறி, உடை மாற்றி, ஒரு மணி நேரம் சும்மா படுங்கள். கிளம்பிய பிறகு கண் சொருகினால் மாமல்லபுரத்திலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள். அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே வீட்டிலிருந்து புறப்படுங்கள்.